பங்குனி, சித்திரையில் எமது வயல்வெளிப் பறவைகள்

காலபோக அரிவுவெட்டு முடிந்து, சூடடித்து, வைக்கோலும் குவித்தாயிற்று. சிறுபோகத்துக்குக் குளத்து நீர் கிடைக்கும் இடங்களில் உழவு தொடங்க இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. இந்தப் பங்குனி, சித்திரை மாதங்களில் எமது கிராமப்புறங்களில் பறவைகளிடையே ஒரு பெரிய மாற்றம் நிகழ்கின்றது. மாரி காலத்தை எம்முடன் கழித்த பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆண்டு முழுவதும் எம்முடன் வாழும் பறவைகளிற் பல கூடு கட்டத் தொடங்குகின்றன. இவற்றை எவ்வாறு கவனிப்பது, அப்படிக் கவனிப்பதால் விவசாயக் குடும்பங்களுக்கு என்ன நன்மை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

காணியும் வீடும் கிணறும் பற்றிய கவலையுடன் வாழும் மக்களுக்குப் பறவை பார்க்க நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எமது முதியவர்கள் பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. எந்தக் குருவி புழுவைத் தின்னும், எது நெல்லைத் தின்னும், ஆட்காட்டி கத்தினால் வயலில் யாரோ நடமாடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய தொழில் அறிவின் ஒரு பகுதியாக இருந்தன. இவை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. தகப்பனுடன் வரம்பில் நடந்த பிள்ளை கேட்டுக் கேட்டு அறிந்தவை.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது காணியுடன் இந்தத் தொடர்பும் அறுந்தது. ஒரு தலைமுறை முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்துவிட்டது. இன்று காணிக்குத் திரும்பும் இளைஞர் பலருக்குக் கொக்கும் கிளியும் ஒன்றுதான். இரண்டையும் கல்லெறிந்து கலைக்கின்றனர். உதவிக்கு வந்ததையும் அழிவு செய்ய வந்ததையும் பிரித்தறியாவிட்டால் நட்டம் எமக்கே.

புறப்படும் பறவைகள்

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட பறவை இனங்கள் ஏறத்தாழ 500 ஆகும். இவற்றுள் ஒரு பெரும் பகுதி எமது நாட்டில் முட்டையிடுவதில்லை. வடக்கே குளிர் தொடங்கும்போது, அதாவது ஆவணி முதல் ஐப்பசி வரை, இங்கு வந்து சேர்ந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா ஊடாக வரும் பறவைப் பாதையின் தென்முனை எமது தீவு. ஆகவே வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு மன்னாரும் யாழ்ப்பாணமும் வாசற்படிகள் போல அமைந்துள்ளன.

மன்னார் வங்காலைக் கடற்கரைச் சதுப்பு நிலம் 2008 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. மாரியில் இவ்விடங்களிலும் கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்களிலும் ஊசிவால் தாரா முதலிய காட்டுத் தாராக்கள் ஆயிரக்கணக்கில் மிதப்பதைக் காணலாம். பங்குனி முடிவதற்குள் அவற்றிற் பெரும்பாலானவை மறைந்துவிடும்.

களப்பு ஓரத்தில் சேற்றைக் கிளறித் திரியும் சின்ன உள்ளான்களைக் கூர்ந்து பாருங்கள். மாரி முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தவற்றுள் சில, புறப்படுவதற்கு முன் செங்கல் நிறமாக மாறத் தொடங்கும். முனை சற்றே கீழ்நோக்கி வளைந்த சொண்டுள்ள உள்ளானில் இம்மாற்றம் நன்றாகத் தெரியும். இது சைபீரியாவின் வடகரையில் முட்டையிடும் பறவை. நெடும் பயணத்துக்குத் தேவையான கொழுப்பை உடலிற் சேர்க்க, இந்நாட்களில் ஓயாது இரை தேடும். அவ்வேளை நாயோ சிறுவர்களோ திரும்பத் திரும்பக் கலைத்தால், போதிய கொழுப்பின்றிப் புறப்பட நேரிடும்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் மன்னாரில் பெரிய கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் சிறு கருவி பொருத்தி விடுவித்தனர். அவற்றுள் ஒன்று இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியா வழியாக ருசியாவின் வடதுருவப் பகுதி வரை சென்று, கோடை முடிந்ததும் மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்ததைக் கருவி காட்டியது.

தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் புறப்படும் பறவைகள் உள்ளன. அவற்றுள் மூன்றை எவரும் எளிதில் அடையாளம் காணலாம்.

முதலாவது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கண்ணருகே கறுப்புப் பட்டி, வாலடியிற் சிவப்பு, கட்டை வால் ஆகியன இதன் அடையாளங்கள். மரநிழலில் உக்கிய இலைகளைக் கிளறிப் புழு, பூச்சிகளைத் தின்னும். விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியளவில் கூவுவதால் இப்பெயர் பெற்றது. சித்திரையில் இது இந்தியாவுக்குச் சென்று, இமயமலை அடிவாரம் வரையிலான காடுகளில் கூடு கட்டும்.

இரண்டாவது தகைவிலான். பிளவுபட்ட நீண்ட வாலுடன் வயலுக்கு மேல் தாழப் பறந்து, பறந்தபடியே பூச்சி பிடிக்கும். புறப்படும் நாட்களில் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும்.

மூன்றாவது நீலவால் பஞ்சுருட்டான். இதில் ஒரு கவனம் வேண்டும். பஞ்சுருட்டானில் இரண்டு வகையை எமது ஊர்களிற் காணலாம். உருவிற் சற்றுப் பெரியதும் நீலவாலுடையதுமான வகை வடபகுதியிலிருந்து சித்திரையளவில் போய்விடும். சிறிய பச்சை வகை எம்முடனேயே இருந்து, கிணற்றடி மணல் திட்டிலும் வாய்க்காற் கரையிலும் துளை குடைந்து முட்டையிடும். ஒரே கம்பியில் இரண்டும் இருக்கக் கண்டால், எது போகிறது, எது நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

நாரையும் தகைவிலானும் தமது பயணத்தின் காலத்தை அறிந்திருக்கின்றன என்று இறைவாக்கினர் எரேமியா தம் மக்களுக்கு எடுத்துக் காட்டினார். அக்காலத்து விவசாயிகளும் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் என்பது இதனாற் புரிகிறது.

கூடு கட்டும் பறவைகள்

எம்முடன் தங்கும் பறவைகளுக்கு இது குஞ்சு வளர்க்கும் காலத்தின் தொடக்கம். குயில் கூவுவது சித்திரைப் புத்தாண்டை வரவேற்பதற்கு என்று சொல்வோம். உண்மையில் அது காகம் கூடு கட்டும் காலம். காகத்தின் கூட்டில் முட்டையிடுவதற்காகவே குயில்கள் அந்நாட்களில் ஓயாது கூவித் திரிகின்றன. வேலியோரம் கூட்டமாகத் துள்ளித் திரியும் புலுனியையும் அப்படி ஏமாற்றும் பறவை உண்டு. தலையிற் கொண்டையும் கறுப்பு வெள்ளை நிறமும் உடைய சுடலைக் குயில் புலுனியின் கூட்டில் முட்டையிடும்.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் நிலத்தில், மண்கட்டிகளுக்கிடையில், பெரும்பாலும் நான்கு முட்டை இடும். முட்டையும் மண் நிறம். கறுப்புப் புள்ளிகள் உண்டு. மிதிக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. சிறுபோக உழவின்போது ஆட்காட்டி உங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினால், அருகில் முட்டை இருக்கிறது என்பது பொருள். அவ்விடத்தில் ஒரு தடி நாட்டிவிட்டு, உழவு இயந்திரத்தை ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தை விட்டுச் சுற்றிப் போகச் சொல்லலாம். பொரித்த குஞ்சுகள் விரைவில் எழுந்து நடந்துவிடும். பிறகு அத்துண்டை உழலாம்.

பனை எமது பறவைகளுக்குப் பெரிய வீடு. பனை உழவாரன் என்னும் சிறு பறவை பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிக் கூடு அமைக்கும். காய்ந்த ஓலை தொங்கும் பனைகளையே அது பெரிதும் நாடும். இடி விழுந்தோ, செல்பட்டோ, நோயினாலோ வட்டை இழந்து நிற்கும் பனையின் பொந்துகளில் பனங்காடையும் கிளியும் மைனாவும் குடியேறும். பனங்காடை அமர்ந்திருக்கையில் மங்கலாகத் தெரியும். பறந்தால் சிறகில் நீலம் பளிச்சிடும். வெட்டுக்கிளி, வண்டு முதலியவற்றை நிலத்திற் பாய்ந்து பிடிப்பதால் வயலுக்கு நல்ல நண்பன்.

எவ்வாறு பார்ப்பது?

தூரநோக்கிக் கருவி இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் பாதகமில்லை. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையும், பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னரும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அமைதியாக இருந்தாற் போதும். முதலில் உருவத்தைப் பாருங்கள்: அடைக்கலங்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா? அடுத்துச் சொண்டு, கால், வால். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறம் ஏமாற்றும்.

வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகளை வைத்து இதைப் பழகலாம். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை நான்கு வகை.

ஒன்று, சின்னக் கொக்கு. சொண்டும் காலும் கறுப்பு. பாதம் மட்டும் மஞ்சள்.

இரண்டு, மாட்டுக் கொக்கு. கட்டையான மஞ்சட் சொண்டு, தடித்த கழுத்து. பங்குனியளவில் இதன் தலை, கழுத்து, முதுகில் பொன்மஞ்சள் நிறம் ஏறும். அது இனப்பெருக்கக் காலத்தின் அடையாளம்.

மூன்று, நடுத்தரக் கொக்கு. மஞ்சட் சொண்டு, கறுப்புக் கால். மாட்டுக் கொக்கிலும் உயரம்.

நான்கு, பெரிய கொக்கு. எல்லாவற்றிலும் உயரம், நீண்ட கழுத்தில் முறிந்தாற்போல் ஒரு வளைவு தெரியும்.

இவற்றுடன், வரம்பில் மண்ணிறமாக ஒடுங்கியிருந்து, பறந்ததும் வெள்ளையாகத் தெரிவது குருட்டுக் கொக்கு. ஒரு கிழமை பழகினால் பத்து வயதுப் பிள்ளையும் இவற்றைப் பிரித்துச் சொல்லும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பறவையைத் தேடி, பாவனையில் இல்லாத பற்றைக் காணிகளுக்குள்ளும் பழைய காவலரண்களுக்குள்ளும் போகவேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தை எக்காரணத்துக்காகவும் தாண்டவேண்டாம். வீதி, வரம்பு, குளக்கட்டு, வீட்டு வளவு ஆகியவற்றில் நின்று பார்ப்பதே போதும். இனந்தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவிக்க வேண்டும்.

விவசாயிக்கு என்ன பயன்?

உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டுக் கொக்குகள் வருவதை எல்லோரும் கண்டிருப்போம். கிளறப்பட்ட மண்ணிலிருந்து வெளிப்படும் பூச்சிகளையும் புழுக்களையும் அவை பொறுக்குகின்றன. நெல்லை உண்பதில்லை. சேற்று வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரை, நடுவில் இடைவெளியுள்ள சொண்டினால் நத்தையை எடுத்துத் தின்னும். செண்பகம் மயிர்க்கொட்டி, நத்தை, எலிக்குஞ்சு வரை பிடிக்கும்.

இரட்டைவாற் கரிக்குருவி இலங்கையில் பெரும்பாலும் வடபகுதியிலும் அதனை அண்டிய கரையோரத்திலும் வாழ்வது. உயரமான இடத்தில் அமர்ந்திருந்து பறக்கும் பூச்சியையும் இலையிலுள்ள புழுவையும் பிடிப்பது அதன் வழக்கம். ஆகவே பயிர் இளமையாக இருக்கும்போது வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் குறுக்குத் தடி கட்டிய கம்புகளைப் பயிருக்கு மேலே தெரியும்படி நாட்டிவிட்டால், அது வந்து அமரும். 2018 இறுதியில் எமது நாட்டுக்குள் வந்து சோளத்தை அழித்த படைப்புழு போன்றவற்றுக்கு எதிராகவும் இது செலவில்லாத ஓர் உதவி. நெல் பால்பிடிக்கத் தொடங்கியதும் கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகள் அவற்றில் அமரும்.

சாக்குருவி என்று நாம் வெறுக்கும் கூகையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். வெண்ணிற வட்ட முகமும் இரவில் அலறும் குரலும் உடைய இப்பறவை இலங்கையில் எங்கும் பரவலாக இல்லை. வடபாதியிலேயே கூடுதலாகக் காணப்படுகின்றது. பாழடைந்த கட்டடம், பழைய கோட்டை, கோவில் முகடு போன்ற இடங்களில் வாழும். அது அலறினால் சாவு வரும் என்று கல்லெறிந்து கலைப்பவர்கள் உளர். அதன் முக்கிய உணவோ எலி. இரையை முழுதாக விழுங்கி, சீரணிக்க முடியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூகை தங்கும் இடத்தின் கீழே அவ்வுருண்டைகள் கிடந்தால், தடியால் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் எலி மண்டையோடுகளை எண்ணலாம். அவை உங்கள் நெல்லைத் தின்றிருக்க வேண்டிய எலிகள். அந்தக் கணக்கைப் பார்த்தபின் எவரும் கூகையைக் கலைக்கமாட்டார். எலிக்கு நஞ்சு வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகையும் இறக்கும். பிறகு எலி இன்னும் பெருகும்.

எல்லாப் பறவையும் நன்மை செய்யும் என்று நாம் சொல்லவில்லை. தினைக்குருவி, கிளி, மயில் ஆகியவற்றால் வரும் நட்டத்தை விவசாயிகள் நன்கு அறிவர். ஒரு வெளியில் உள்ள அனைவரும் ஒரே காலத்தில் விதைத்தால் சேதம் பலருக்கும் பரவிக் குறையும். முந்தியோ பிந்தியோ தனியாக விளையும் வயலே அதிகம் அழியும். கதிர் முற்றும் நாட்களில் காலையும் மாலையும் காவலிருப்பதும், காற்றில் ஒலியெழுப்பும் நாடாக்களைக் கட்டுவதும் பயன்தரும். நஞ்சு கலந்த தானியம் வைப்பது கூடாது. அது கோழியையும் புறாவையும் கொல்லும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. மேலும், 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எமது பறவைகளிற் பெரும்பாலானவற்றைக் கொல்வதையும் அவற்றின் முட்டைகளை எடுப்பதையும் தடை செய்கின்றது.

கிருமிநாசினியைப் பொறுத்தவரை, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தேவையான அளவுக்கு மட்டும் தெளியுங்கள். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவ வேண்டாம். வாய்க்காற் கரையில் மீன்கொத்தி நாள்தோறும் வந்திருக்குமானால், நீரில் மீன் இருக்கிறது. தொடர்ந்து பல கிழமைகள் அது வராவிட்டால், நீருக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

காணி துப்புரவு செய்யும்போது

பல ஆண்டுகள் கைவிடப்பட்ட காணி பற்றைக்காடாகிவிடும். திரும்பியவுடன் எல்லாவற்றையும் வெட்டி எரிப்பதே வழக்கம். பாம்புக்குப் பயந்து வீட்டைச் சுற்றித் துப்புரவாக்குவது சரியே. ஆனால் எல்லை வேலியிலுள்ள பூவரசு, முள்முருக்கு, வேம்பு ஆகியவற்றையும் வரம்பு மரங்களையும் விட்டுவிடலாம். முள்முருக்கு இலையுதிர்ந்து சிவப்பாகப் பூக்கும் காலத்தில் தேன்சிட்டும் மைனாவும் அதை மொய்க்கும். வீட்டுக்கும் பாதைக்கும் ஆபத்தில்லாத இடத்தில் வட்டிழந்த பனை நின்றால், அதையும் நிற்க விடுங்கள். கட்டாயம் வெட்ட வேண்டிய மரத்தை, முடிந்தால் குஞ்சு பறந்த பின்னர் வெட்டுங்கள்.

சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாத குடும்பங்களும் செய்யக்கூடியது உண்டு. இறப்பின் கீழ், பூனைக்கு எட்டாத உயரத்தில், பக்கத்தில் துளையிட்ட மண்முட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் அடைக்கலங்குருவி அதிற் கூடு கட்டும். எமது ஊர்களில் இது பழைய வழக்கம். ஓட்டுவீட்டு இடுக்குகள் குறைந்து, தகரக் கூரையும் சீமெந்து வீடும் கூடிய இக்காலத்தில் அக்குருவிக்கு இடமில்லாமற் போய்விட்டது. மக்களோடு ஒட்டி வாழும் அப்பறவைக்கு முன்னோர் இட்ட பெயரின் பொருளை இடம்பெயர்ந்தோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் ஆழமில்லாத சட்டி ஒன்றில் தண்ணீரும் வையுங்கள். நுளம்பு பெருகாதவாறு நாள்தோறும் நீரை மாற்றவேண்டும்.

ஒரு கொப்பி எழுதுவோம்

இலங்கைப் பறவைகள் கழகம் 1943 இலும், இலங்கைக் களப் பறவையியல் குழு 1976 இலும் தொடங்கப்பட்டன. தை மாதத்தில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியும் நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. ஆனால் யுத்த காலத்தில் எமது கிராமங்கள் பலவற்றில் யாரும் சென்று எழுத முடியவில்லை. அந்த இடைவெளியில் என்ன வந்தது, என்ன போனது என்பதை நினைவில் வைத்திருப்போர் எமது முதியவர்களே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

ஒரு பாடசாலைக் கொப்பி போதும். திகதி, இடம், பறவையின் பெயர், எத்தனை, என்ன செய்தது என ஐந்து நிரல்கள் கீறுங்கள். பெயர் தெரியாவிட்டால் உருவத்தையும் குரலையும் எழுதுங்கள். கிழமைக்கு ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்திற் பாருங்கள். பிள்ளை எழுதட்டும், அப்பப்பாவோ அம்மம்மாவோ பெயர் சொல்லட்டும். அந்தப் பறவை பழைய ஊரில் எந்த மரத்தில் இருந்தது என்று கேட்டால், மரத்தின் பெயருடன் குளத்தின் பெயரும் வயலின் பெயரும் வரும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கெற்றப்போல் பிடித்த கையில் பென்சிலைக் கொடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு நாள் காணவில்லை என்பதால் ஒரு பறவை அழிந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. மூன்று நான்கு ஆண்டுகள் எழுதினால்தான் எது குறைகிறது, எது கூடுகிறது என்பது தெரியவரும். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் மறைக்கல்வி வகுப்புகளும் இதனை ஒரு கூட்டுப் பணியாக எடுத்து நடத்தலாம்.

ஆகவே இவ்வாண்டு சித்திரையில், ஆறுமணிக் குருவி உங்கள் வளவில் கடைசியாகக் கூவிய நாளையும், தகைவிலான்கள் கம்பியை விட்டுப் போன நாளையும் குறித்து வையுங்கள். ஆவணி பிறந்ததும் மீண்டும் கொப்பியைத் திறந்து, திரும்பி வருபவற்றை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்குங்கள்.